முகட்டில் ஓக் மரங்கள் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு விடியற்காலையில், ஓக் மரங்கள் அடர்ந்த மலைமுகடு ஒன்றுக்குப் பறவை பார்க்கச் சென்றேன். முகட்டின் நெடுக நடந்தும் குரல்கள்தான் கேட்டன. கண்ணில் பட்டவை மிகச் சில. என் 8 மடங்கு இருநோக்கியை (பைனாகுலர்) மாற்றிவிட்டு 12 மடங்கு வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருநோக்கியை மாற்ற வேண்டாம். மடங்கு கூடக்கூடப் பார்வைப்பரப்பு சுருங்கும், கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும்; இலைச்செறிவுக்குள் ஓயாமல் இடம் மாறும் சிறுபறவையைத் தொடர்வதற்கு 8 மடங்கே வசதியானது. குறைக்க வேண்டியது நடையைத்தான்.

இரவுக் குளிரில் விறைத்துக் கிடந்த பூச்சிகள் வெயில் பட்ட பிறகே அசையத் தொடங்குகின்றன என்பதால், காலையில் கிழக்கு நோக்கிய கிளைகளில் பறவைகளை எதிர்பார்க்கலாம். பட்டை வெடித்த முதிய ஓக் ஒன்றைத் தேர்ந்து, சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி அதற்குக் கிழக்கே நின்றுவிடுங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் பல இனச் சிறுபறவைகள் ஒரே கூட்டமாக இரைதேடித் திரிகின்றன. ஆகவே நெடுநேரம் வெறுமையாக இருக்கும் மரம் திடீரென்று நிறைந்துவிடும். அப்போது எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், எது எங்கே இரை தேடுகிறது என்று மட்டும் பாருங்கள். பட்டாணிக்குருவிகள் மெல்லிய கிளைநுனிகளில் தொங்கும். மரமேறிக் குருவி அடிமரத்தைச் சுற்றிச்சுற்றி மேலேறி, அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்து மீண்டும் ஏறும். நட்ஹேட்ச் என்ற சிறுபறவை தலைகீழாகவும் இறங்கும். ஏறும் பறவை தவறவிட்ட இடுக்குகள் இறங்கும் பறவைக்குக் கிடைக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இது எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஓக் விதை கனமானது. உதிர்ந்தால் சரிவில் கீழ்நோக்கித்தான் உருளும். பிறகு முகட்டில் ஓக் எப்படி வந்தது? பனியுகத்துக்குப் பின் ஓக் பிரிட்டனின் வடக்குவரை பரவிய வேகத்தை, விதை உதிர்வதை மட்டும் கொண்டு விளக்க முடியாது என்று கிளெமென்ட் ரீட் என்ற நிலவியலாளர் 1899இல் சுட்டிக்காட்டினார். அணில், எலி போன்றவையும் விதைகளைச் சுமக்கின்றன என்றாலும், தொலைவுக்குக் கொண்டுசெல்வதில் முதன்மையானது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே. இலையுதிர் காலத்தில் அது பல விதைகளைத் தொண்டையில் அடக்கி, அலகிலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்து, குளிர்காலத்துக்காக மண்ணில் ஒவ்வொன்றாகப் புதைக்கிறது. தின்னாமல் விட்டவற்றுள் சில முளைக்கின்றன.

எனவே விதை முதிரும் பருவத்தில் இன்னொரு முறை செல்லுங்கள். தொண்டை புடைத்த ஜே ஒன்று சரிவிலிருந்து மேல்நோக்கிப் பறப்பதைக் கண்டால், அது இறங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.