சேஃப்டி சாரும் ஜவ்வாது மலையும்

அன்புள்ள ஐயா,

தொழிற்சாலைகளில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனித்துவந்த சேஃப்டி சாருக்கு நீங்கள் எழுதிய அஞ்சலியைப் படித்தேன். ராணிப்பேட்டையில் என் அப்பா வேலை பார்த்த டேனரிக்கும் (தோல் பதனிடும் ஆலை) அவர் வந்துபோயிருக்கிறார். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்கியதற்காக முதலாளியிடமே சத்தம் போட்டாராம். ஒன்று மட்டும் நெருடுகிறது. கம்பெனிக்குள் இம்மி ஆபத்தையும் பொறுக்காதவர், வயதான பிறகும் கரடி திரியும் ஜவ்வாது மலையில் ஏறிக்கொண்டிருந்தார் என்கிறீர்கள். இது முரண் இல்லையா? அப்புறம், என் மைத்துனர் வேலை செய்யும் டேனரியில் இன்றும் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் கழிவுத் தொட்டியில் இறங்குகிறார்கள். "நாற்றம் வந்தால் ஏறிவிடுவோம்" என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மைத்துனர் விஷயம் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டியில் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு போடும் சல்பைடிலிருந்தும், தேங்கிக் கிடக்கும் கசடிலிருந்தும் வருவது. அமிலக் கழிவு வந்து கலந்தால் குபீரென்று கிளம்பும். காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்துவிட்டால் மூக்கே மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று நம்பி ஆள் இன்னும் கீழே இறங்குவார். 500, 700 என்று ஏறினால் ஏணியைப் பிடிக்கக்கூட நேரம் கிடைக்காது. துணி இதைத் தடுக்கவே தடுக்காது. இன்றைக்கே சொல்லுங்கள்.

சார் வந்தால் முதலில் மூடிகளையெல்லாம் திறக்கச் சொல்லி, புளோயர் வைத்துக் காற்றடிக்க வைப்பார். அப்புறம் காற்றில் என்ன வாயு எவ்வளவு என்று காட்டும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால், உள்ளே இறங்க அனுமதிக்கும் பர்மிட் தாளில் அவர் கையெழுத்து விழாது. இறங்குகிறவருக்கு பெல்ட், அதன் கயிறு வெளியே நிற்பவர் கையில். அந்த வெளியாளிடம்தான் சார் அதிக நேரம் பேசுவார். "உள்ளே விழுந்தது உன் கூடப்பிறந்தவனே ஆனாலும் நீ இறங்காதே, கயிற்றை இழு." ஒருவரைத் தூக்கப் போய் அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் சாகும் செய்தியை நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை முறை படித்திருப்போம். காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவியும் வெளியாள் பிடித்த கயிறும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-வது பிரிவிலேயே சொல்லிவிட்டது. சார் புதிதாக எதையும் கேட்கவில்லை.

சரி, முரணுக்கு வருகிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலைக்குப் போவது அவராக எடுத்த முடிவு. வேண்டாமென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். தொட்டியில் இறங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது, மறுத்தால் மறுநாள் வேலை இருக்காது. சாரின் கோபமெல்லாம் அங்கேதான். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் அப்படியொரு சுவர் இருப்பதை யார் அவர்களிடம் சொல்லி, படுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள்? இதைப் பேச ஆரம்பித்தால் சாருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மலையிலும் அவர் அசட்டுத் தைரியம் காட்டியதில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க மாட்டார். அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் முன்னே நடக்க, இவர் பின்னால். மதியம் 2 மணி ஆனால் உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிடுவார், எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். புல் காய ஆரம்பித்துவிட்டால் அந்த வருஷத்துக்கு மலை கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்ட பிறகுதான் அந்தப் பிடிவாதத்தின் அர்த்தம் எங்களுக்கு உறைத்தது.

அமிர்தி பக்கம் ஒரு ஓடையைத் தாண்டும்போது பாறையெல்லாம் பாசி. கைத்தடியால் தட்டிப் பார்த்து, ஒரு காலை வைத்து, பாரத்தை மெல்ல மாற்றி, அப்புறம் அடுத்த கால். அக்கரை சேர்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்தக் கம்பெனி வாசலிலும் நான் பார்த்ததில்லை. கம்பெனியில் தவறி விழப்போவது அவரல்ல, அவர் கையெழுத்தை நம்பி இறங்கிய இன்னொருவர். மலையில் தன் உயிருக்கு மட்டும் பொறுப்பாக இருந்தால் போதும். அதற்காகவே போனார் என்று நினைக்கிறேன்.

தனியாகப் போய்க் கேட்டால் வேலை போய்விடும் என்று உங்கள் மைத்துனர் பயந்தால் அது நியாயம்தான். நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். சார் தமிழில் தயாரித்த பர்மிட் தாளின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. முகவரி அனுப்புங்கள், இந்த வாரமே தபாலில் போடுகிறேன். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.