பஞ்சு என்று பெயர், உள்ளே பிளாஸ்டிக்: சிகரெட் துண்டுகள் பற்றிய கேள்வி பதில்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குப்பை பொறுக்கும் குழுவில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே கைக்கு அதிகம் அகப்படுவது சிகரெட் துண்டுதான். அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சென்ற வாரம் அறிவித்திருந்தேன். ஒரே பொருளுடைய கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில்களை இங்கே தருகிறேன்.

கேள்வி (அடையாறு வாசகி): சிகரெட்டின் அடியில் இருப்பது பஞ்சுதானே? இரண்டு மழையில் கரைந்து மண்ணோடு போய்விடாதா?

இந்த ஒரு சொல்தான் நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. "பஞ்சு வைத்த சிகரெட்" என்று சொல்லிச் சொல்லி, அது செடியில் விளைந்த பருத்தி என்றே நம்பிவிட்டோம். உண்மையில் அது செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக். மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றி, நூலைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, சுமார் 12,000 இழைகளை ஒரே பில்டருக்குள் இறுக்கி அடைக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிச் சட்டங்களும் பழைய திரைப்படச் சுருள்களும் செய்யப்பட்டது இதே பொருளில்தான் என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. வெயிலிலும் மழையிலும் அது கரைவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைந்து நுண்ணிழைகளாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம் கோடி துண்டுகள் இப்படி வீசப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கேள்வி (திருவான்மியூர் வாசகர்): தெருவில் கிடக்கும் துண்டுக்கும் கடல் மீனுக்கும் என்ன தொடர்பு?

மழைநீர் வடிகால்தான் தொடர்பு. பெட்டிக்கடை வாசலில் காலால் நசுக்கப்பட்ட துண்டு, அடுத்த மழையில் நடைபாதை ஓரத்து வடிகால் துளைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கோ, அடையாற்றுக்கோ, கூவத்துக்கோ போய் முகத்துவாரம் வழியாகக் கடலை அடைகிறது. புகைத்து முடித்த துண்டைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் போட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் துண்டைச் சுற்றி மஞ்சள் படர்ந்து தண்ணீரின் நிறமே மாறும். நிகோட்டினும், ஈயம், ஆர்சனிக் போன்றவையும் அப்படித்தான் கசிந்து வெளியேறுகின்றன. அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு துண்டு என்ற அளவில் ஊறிய நீரில் விடப்பட்ட மீன்களில் பாதி நான்கு நாட்களுக்குள் இறந்தன. கடல் மீன், நன்னீர் மீன் இரண்டுக்கும் ஏறக்குறைய இதே முடிவுதான் கிடைத்தது.

கேள்வி (ஒரு தாய், மதுரை): பூங்கா மணலில் விளையாடிய என் ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டாள். இது ஆபத்தா?

ஆபத்துதான், அம்மா. புகைத்து எறிந்த துண்டிலும் நிகோட்டின் தங்கியிருக்கிறது. சிறு குழந்தைக்குக் கொஞ்சம் நிகோட்டினே அதிகம். இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் வாயில் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, உமிழ்நீர் அதிகம் ஊறுதல், வாந்தி, வெளிறிப்போதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். அந்தப் பூங்காவைப் பராமரிப்பவர்களுக்கு எழுத்து மூலம் புகாரும் கொடுங்கள். விளையாடுமிடத்து மணலைச் சல்லடையில் சலிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி (தேநீர்க்கடை உரிமையாளர், பாளையங்கோட்டை): காலையில் பெருக்கினால் பத்து மணிக்குள் வாசல் மறுபடியும் நிறைந்துவிடுகிறது. குப்பைத்தொட்டி வைத்தும் யாரும் போடுவதில்லை. என்ன செய்வது?

அண்ணாச்சி, உங்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சிகரெட்டைப் பற்றவைக்கும் இடம் வேறு, அது முடியும் இடம் வேறு. உங்கள் கடையில் கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்தவர், ஒரு கையில் தேநீரோடு நான்கைந்து அடி நடந்து, வண்டி நிறுத்திய இடத்திலோ மரத்தடியிலோ நின்றுதான் புகைத்து முடிக்கிறார். தொட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் ஏன் திரும்பி வரப்போகிறார்? ஒரு நாள் முழுக்கத் துண்டுகள் எங்கே விழுகின்றன என்று கவனித்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வட்டமிட்டு வையுங்கள். வட்டங்கள் நெருங்கி இருக்கும் இடத்தில்தான் தொட்டி நிற்க வேண்டும்.

எந்தத் தொட்டி என்பதும் முக்கியம். தாளும் தேநீர்க் குவளையும் விழும் தொட்டியில் கங்கு அணையாத துண்டு விழுந்தால் தீப்பிடிக்கும். அந்த அச்சத்திலேயே பலர் அதில் போடாமல் தரையில் நசுக்குகிறார்கள். பழைய பெயிண்ட் டப்பாவில் பாதிக்கு மணல் நிரப்பி, இடுப்புயரத்தில் கம்பியால் கட்டி, மழை விழாதபடி மேலே ஒரு தகடு வைத்தால் போதும். ஆனால் தினமும் இரவில் துண்டுகளை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் நிரம்பி வழியும் டப்பா, இங்கே தரையிலும் போடலாம் என்று சொல்லாமல் சொல்லிவிடும்.

சட்டத்தையும் நான் மறைக்கக் கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள பொது இடப் புகைத்தடை விதிகளின்படி, உணவகம் போன்ற பொது இடத்துக்குள் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் உரிமையாளர் வைத்துத் தரக் கூடாது. ஆகவே கடைக்குள் புகைக்கவிடாதீர்கள், தொங்கும் லைட்டரையும் கழற்றிவிடுங்கள். மணல் டப்பா கடைக்கு வெளியே, கூரை முடியும் எல்லைக்கு அப்பால் இருக்கட்டும். லைட்டரை எடுத்தால் வியாபாரம் குறையும் என்று நீங்கள் கவலைப்படலாம். கடைக்குள் வரும் குடும்பங்களுக்கு அது நிம்மதி என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (தாம்பரம் வாசகர்): பேருந்து நிறுத்தத்தில் துண்டு போடுவதற்கென்று தனித் தொட்டி கேட்கலாமா? அபராதம் வலுவாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

பேருந்து நிறுத்தம் புகைக்கவே கூடாத இடம். அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. எனவே நிறுத்தத்துக்குள் தொட்டி கேட்காதீர்கள், சற்றுத் தள்ளிக் கேளுங்கள். பேருந்து வந்தவுடன் பாதி சிகரெட்டை எறிந்துவிட்டு ஓடுகிறார்களே, அந்தக் கணத்தில்தான் பெரும்பாலான துண்டுகள் விழுகின்றன. திரையரங்கு வாசலும் அலுவலக வாசலும் அப்படித்தான்.

அபராதத்தைப் பொறுத்தவரை, தொகையைவிடத் தொடர்ச்சிதான் வேலை செய்கிறது என்பது என் கருத்து. டோக்கியோவின் சியோடா வட்டாரம் 2002-இல் தெருவில் புகைப்பதற்குத் தடை விதித்து 2,000 யென் அபராதம் வைத்தது. "நாகரிகத்திலிருந்து விதிக்கு" என்பது அப்போது அவர்கள் வைத்த முழக்கம். சிங்கப்பூரில் 2019 முதல் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டுமே புகைக்கலாம். இரண்டு ஊர்களிலும் தடையோடு மாற்று இடமும் காட்டப்பட்டது. நம் ஊரில் 200 ரூபாய் என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அதை வசூலிக்க நிற்கும் ஆளைத்தான் காண முடிவதில்லை.

கேள்வி (தென்காசி வாசகர்): பீடியில் பில்டர் இல்லையே, அதை எறியலாம்தானே?

பீடி இலையும் பருத்தி நூலும் மட்கும். பிளாஸ்டிக் சிக்கல் அதில் இல்லை. ஆனால் மீதமிருக்கும் புகையிலையில் நிகோட்டின் இருக்கிறது, கங்கு காய்ந்த புல்லைப் பற்றவும் செய்யும். மலையடிவாரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் கோடையில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்): எங்கள் குழு துண்டுகளை அகற்ற விரும்புகிறது. எப்படித் தொடங்குவது?

குனிந்து பொறுக்குவது முதுகை ஒடித்துவிடும் என்பதால் நீண்ட பிடியுள்ள இடுக்கி வாங்குங்கள். கையுறை கட்டாயம். வாயகன்ற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று ஆளுக்கு இருந்தால் நாற்றமும் சாறும் வெளியே வராது. நடைபாதைப் பாவுகற்களின் இடுக்கில் செருகிக் கிடக்கும் துண்டு, தென்னந்துடைப்பத்தால் எத்தனை முறை பெருக்கினாலும் வராது. தூய்மைப் பணியாளர்கள் அதைக் குச்சியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். "பெருக்குறது அரை மணி நேரம், இத நோண்டுறதுதான் ஒரு மணி நேரம்" என்று அவர்களில் ஓர் அம்மா சொன்னது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கடற்கரையில் சல்லடை வையுங்கள். ஈர மணல் சலிக்காது என்பதால் வெயில் ஏறி மேல்மணல் காய்ந்தபின் தொடங்குங்கள். எந்த இடத்திலும் குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். அது குப்பையை வடிகாலுக்கு நாமே அனுப்பிவைப்பதாகும். சேர்ந்ததைத் தனிப்பையில் கட்டி, என்னவென்று எழுதி உலர்குப்பையில் ஒப்படைத்தால், பிரித்தெடுக்கும் பணியாளர் வெறுங்கையால் அளைய வேண்டியிராது.

கேள்வி (புதுச்சேரி வாசகி): தயாரிப்பவர்கள் இதற்குப் பொறுப்பில்லையா? மட்கும் பில்டர் வந்தால் தீர்ந்துவிடுமா?

பொறுப்பு இருக்கிறது, நம் நாட்டில் அது அவர்கள் மேல் இன்னும் உரிய அளவில் சுமத்தப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் நெறிமுறை, பில்டரில் பிளாஸ்டிக் இருப்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்றும், துண்டுகளை அகற்றும் செலவை உற்பத்தியாளர் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் சிகரெட் பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாள் இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கும் பில்டர் இல்லை. உறை தவறு, உள்ளிருப்பது சரி என்பது என்ன நியாயம்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் இந்தத் துண்டுகளை அகற்ற வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உத்தரவிட்டது. அதை ஒவ்வோர் ஊராட்சி வரை கொண்டுசேர்ப்பதுதான் இப்போதைய தேவை.

மட்கும் பில்டரில் எனக்கு நம்பிக்கை இல்லை. இழை மட்கினாலும் அது பிடித்துவைத்த நஞ்சு மண்ணில் இறங்கும். தவிர, மட்கிவிடும் என்று தெரிந்தால் இன்னும் தாராளமாக எறிவார்கள். பில்டர் இருப்பதால் புகைப்பவரின் நுரையீரல் தப்பிவிடுவதும் இல்லை. எனவே பில்டரையே தடைசெய்யக் கேட்பவர்களின் பக்கம்தான் நான்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்): காக்கைகளைப் பழக்கிப் பொறுக்கவைக்கிறார்களாமே?

ஸ்வீடனின் சோடர்டால்யே நகரில் 2022-இல் அப்படியொரு முயற்சி பேசப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மெக்சிகோ நகரத்தில் குருவிகள் துண்டுகளைக் கூட்டில் வைத்தபோது உண்ணிகள் குறைந்தன, ஆனால் குஞ்சுகளின் மரபணுக்களில் சேதம் காணப்பட்டது. நாம் எறிந்ததைப் பறவையின் வாயில் கொடுக்க வேண்டாம், மகளே.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர்): நான் புகைப்பவன். விட முயன்றுகொண்டிருக்கிறேன். அதுவரை எறியாமல் இருக்க என்ன வழி?

நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. மூடி இறுகிய சிறு தகர டப்பா ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் இதற்கென்றே சிறு பைகள் விற்கிறார்கள். நமக்குப் பழைய மிட்டாய் டப்பா போதும். துண்டைக் கல்லிலோ சுவரிலோ தேய்க்காமல், டப்பா மூடியின் உட்புறத்தில் அழுத்தி, கங்கு முழுதும் அணைந்ததைப் பார்த்தபின் உள்ளே போடுங்கள். அடியில் ஒரு சிட்டிகை சோடா உப்பு இருந்தால் நாற்றம் அடங்கும். இரவில் வீட்டுக்குப் போனதும் டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்ப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். விட முயலும் உங்களுக்கு அந்த எண்ணிக்கை தேவைப்படும்.