ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்: 627001, 627002

கேள்வி: திருநெல்வேலி சந்திப்பின் அஞ்சல் குறியீட்டு எண் 627001, ஆற்றுக்கு இப்பால் எங்களுக்கு 627002. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 43 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு, 627001 ஒரு பகா எண் என்று சாதிக்கிறாள். அது சரியா? எங்கள் எண் இரட்டைப்படை என்பதால் அதில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறாளே, அதுவும் சரியா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் சரியல்ல; ஆனால் தங்கள் மகள் சென்ற வழி சரியானது, இன்னும் சற்றுத் தூரம் சென்றிருக்க வேண்டும். 627001-இன் வர்க்கமூலம் 791-ஐச் சற்றே தாண்டுவதால், அது பகா எண் என்று தீர்ப்புச் சொல்ல 787 வரையுள்ள 138 பகா எண்களையும் சோதித்தாக வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்தக் குறியீட்டில் நம் பகுதிக்குக் கிடைத்த 627 என்பது 3 × 11 × 19 ஆகும். ஆகவே 627000-ஐ 2, 3, 5, 11, 19 ஆகிய ஐந்தும் மீதியின்றி வகுக்கும். அடுத்த எண்ணான 627001-இல் இவை ஒவ்வொன்றும் 1 மீதி வைக்கும் என்பதை வகுக்காமலே சொல்லிவிடலாம். மற்றவற்றை வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், இருபதாவது பகா எண்ணான 71-இல் கணக்கு முடிகிறது: 627001 = 71 × 8831. இந்த 8831 பகா எண்தான். 67 வரை ஏற்கெனவே சோதித்துவிட்டதால் 71, 73, 79, 83, 89 ஆகிய ஐந்தை மட்டும் பார்த்தால் போதும்.

தங்கள் ஊர் எண்ணோ, என் கணிப்பில், இரண்டில் அழகானது. 627002 = 2 × 37 × 37 × 229. ஓர் எண்ணை இரு முழு எண்களின் வர்க்கங்களின் கூட்டலாக எழுத வேண்டுமானால், நான்கால் வகுக்க 3 மீதி வரும் பகா எண் எதுவும் அதன் காரணிகளில் ஒற்றைப்படைத் தடவை வரக் கூடாது. இதன் அடிப்படை விதியை ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். நூறாண்டுகளுக்குப் பின் ஆய்லர் அதை நிறுவினார். 37, 229 இரண்டும் நான்கால் வகுக்க 1 மீதி தருபவை என்பதால் பாளையங்கோட்டை எண்ணுக்குத் தடையே இல்லை. ஒன்றுக்கு மூன்று வழிகள் உண்டு: 629² + 481², 659² + 439², 751² + 251². தங்கள் மகள் பெருக்கிச் சரிபார்க்கட்டும். நான்காவது வழி கிடையாது.

சந்திப்பின் எண்ணை நான்கால் வகுத்தால் 1 மீதி வருவதைக் கண்டு அதையும் இவ்வாறு பிரிக்கலாம் என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் 71, நான்கால் வகுக்க 3 மீதி தருவது. அது ஒரே ஒரு தடவை வருவதால் அந்த எண்ணுக்கு ஒரு வழியும் இல்லை.

கேள்வி: டவுனின் 627006 எப்படி? இலக்கங்களைக் கூட்டினால் 21, அதையும் கூட்டினால் 3 வருகிறதே, இது நல்ல எண்தானா?
– வாசகி, திருநெல்வேலி டவுன்

பதில்: நல்லது கெட்டது சோதிடரின் துறை. ஆனால் அந்தக் கூட்டலே கணிதத்துக்கும் உதவுகிறது: 21 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. எனவே 627006-இல் 3 ஒரு தடவை மட்டுமே காரணியாக வருகிறது. இரு வர்க்கங்களின் கூட்டலாக அதை எழுத முடியாது. முழுவதும் பிரித்தால் 2 × 3 × 31 × 3371 என்று வரும், எனினும் இதைச் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.