129 வாக்கு வித்தியாசம்: வாஷிங்டன் மாநில ஆளுநர் தேர்தல் 2004 பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரம் இருக்கிற மாநிலம் வாஷிங்டன். 2004-இல் அங்கே நடந்த ஆளுநர் தேர்தலை அறிந்தால் ஒரு வாக்கு எத்தனை கைகளைத் தாண்டிக் கணக்கில் ஏறுகிறது என்பது புரியும். அதனால்தான் இதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். அங்கே ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகர், பதவிக்காலம் நான்கு ஆண்டு.

கோவையிலிருந்து ஒரு மாணவி: சார், போட்டியிட்டவர்கள் யார்? பதவியில் இருந்தவர் ஏன் நிற்கவில்லை?

அப்போது ஆளுநராக இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் கேரி லாக். இரண்டு முறை வென்றவர், மூன்றாவது முறை நிற்கப்போவதில்லை என்று 2003-இலேயே அறிவித்துவிட்டார். அந்தக் கட்சியில் இருவர் முன்னே வந்தார்கள். ஒருவர் கிறிஸ்டீன் கிரெக்வார், 1993 முதல் மாநிலத் தலைமை வழக்கறிஞர். சிகரெட் நிறுவனங்களிடமிருந்து 46 மாநிலங்களுக்கு இழப்பீடு வாங்கித் தந்த 1998 உடன்பாட்டில் முன்னணியில் நின்றவர். மற்றவர் ரான் சிம்ஸ், சியாட்டிலை உள்ளடக்கிய கிங் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத் தலைவர். வருமான வரியே இல்லாத மாநிலத்தில், விற்பனை வரிக்குப் பதிலாக வருமான வரி கொண்டுவருவோம் என்று பிரசாரம் செய்தார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன், ஆனால் வாக்கு கிடைக்கவில்லை. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி என்ற முதல்கட்டத் தேர்தலில் கிரெக்வார் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்கினார்.

குடியரசுக் கட்சியில் டினோ ரோசி. வீடு, நிலம் விற்கும் தொழிலில் இருந்து மாநில செனட்டுக்கு வந்தவர், 2003-இல் வரவுசெலவுத் திட்டத்தை எழுதிய குழுவின் தலைவர். கட்சிக்குள் அவருக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. மூன்றாவதாக லிபர்டேரியன் கட்சியின் ரூத் பென்னட். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், நீதிமன்றக் கட்டத்தில் மீண்டும் வரும்.

பெயர் சொல்லாத ஒருவர்: பிரைமரியில் கட்சி உறுப்பினர்கள் மட்டும்தானே ஓட்டுப் போட முடியும்?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டனில் வாக்காளர் பதிவில் கட்சியே கேட்பதில்லை. 1935 முதல் அங்கே எல்லோரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே சீட்டில் பார்த்து, ஒரு பதவிக்கு இந்தக் கட்சி, இன்னொரு பதவிக்கு அந்தக் கட்சி என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. கலிஃபோர்னியாவில் இருந்த அதே போன்ற முறையை 2000-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சியின் உரிமை என்பது வாதம். அதை வைத்து வாஷிங்டன் முறையும் 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது.

ஆகவே 2004 செப்டம்பர் 14 அன்று நடந்த பிரைமரியில், எந்தக் கட்சியின் தேர்தலில் வாக்களிக்கிறோம் என்று முதல்முறையாகக் குறிக்க வேண்டியிருந்தது. மக்களுக்குக் கடும் கோபம். அந்த நவம்பரிலேயே வாக்கெடுப்பில் புதிய முறையை நிறைவேற்றினார்கள்: எல்லோரும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், கட்சி எதுவானாலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பரில் நடக்கும் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். கட்சிகள் வழக்குப் போட்டன. 2008-இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. இன்றும் அதுதான் முறை.

மதுரைவாசி: நவம்பர் 2 ராத்திரியே முடிவு தெரியலையா?

இல்லை. அங்கே பெரும்பாலோர் அப்போதே தபாலில் வாக்களித்தார்கள். தேர்தல் நாளின் அஞ்சல் முத்திரை இருந்தால் போதும், உறை ஒரு வாரம் கழித்து வந்தாலும் எண்ணப்படும். கையெழுத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். நாளுக்கு நாள் முன்னிலை கைமாறியது. இரண்டு வாரம் கழித்து 39 கவுண்டிகளும் கணக்கு முடித்தபோது ரோசி 261 வாக்கு முன்னிலை. பதிவானதோ 28 லட்சம் வாக்கு.

வித்தியாசம் 2,000-க்குக் கீழேயும் அரை விழுக்காட்டுக்குக் கீழேயும் இருந்தால் யாரும் கேட்காமலே எந்திரத்தில் மறு எண்ணிக்கை நடக்க வேண்டும் என்பது சட்டம். நடந்தது. ரோசியின் முன்னிலை 42 ஆகச் சுருங்கியது. வெற்றி அவருக்கே என்று சான்றும் வழங்கப்பட்டது.

சென்னையிலிருந்து: எந்திரம் எண்ணியதையே எந்திரம் மறுபடி எண்ணினால் எப்படி மாறும்?

வாக்குச்சீட்டு காகிதம். பல கவுண்டிகளில் வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். சிலர் வட்டத்தைச் சுற்றிக் கோடு போடுவார்கள், சிலர் பெருக்கல் குறி போடுவார்கள், சிலர் மெல்லிய பென்சிலில் தீட்டுவார்கள். ஒரு ஓட்டத்தில் எந்திரத்துக்குத் தெரியாதது அடுத்த ஓட்டத்தில் தெரியும். வாக்காளர் யாரைக் கருதினார் என்பது மனிதக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற சீட்டும் எந்திரத்துக்கு வெற்றுச் சீட்டு. லட்சத்தில் வித்தியாசம் இருக்கும்போது இது யாருக்கும் பொருட்டில்லை. 42-இல் இதுதான் எல்லாமே.

ஈரோட்டிலிருந்து ஒரு ஆசிரியர்: கையால் எண்ணச் சொன்னது யார்? செலவு யாருடையது?

தோற்ற பக்கம் கேட்கலாம், ஆனால் பணம் கட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஜனநாயகக் கட்சி சுமார் 7,30,000 டாலர் கட்டியது. முடிவு மாறினால் பணம் திரும்பும், மாறாவிட்டால் போனது போனதுதான். நல்ல ஏற்பாடு என்பேன். வீம்புக்காக யாரும் கேட்க மாட்டார்கள், உண்மையான சந்தேகத்துக்கும் கதவு அடைபடாது. டிசம்பரில் மாநிலம் முழுவதும் ஒவ்வொரு சீட்டையும் கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் கையால் எண்ணினார்கள்.

நெல்லையிலிருந்து: கிங் கவுண்டியில் திடீரென்று எழுநூறு ஓட்டு கிடைத்ததாமே? அதுவும் ஜனநாயகக் கட்சியின் கோட்டையில். நம்பச் சொல்கிறீர்களா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். சந்தேகப்படுவது நியாயம், அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தபால் உறையின் கையெழுத்தைக் கணினியில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். கிங் கவுண்டியில் பல நூறு பேருடைய கையெழுத்து கணினியில் ஏற்றப்படவே இல்லை, பழைய காகிதப் பதிவில் மட்டும் இருந்தது. ஊழியர்கள் அந்தக் காகிதத்தைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல், கையெழுத்து பொருந்தவில்லை என்று உறைகளை ஒதுக்கிவிட்டார்கள். வாக்காளர் மீது ஒரு குற்றமும் இல்லை.

இது வெளியே வந்த விதம்தான் என்னை இன்றும் உலுக்குகிறது. நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த கிங் கவுண்டி மன்ற உறுப்பினர் லாரி பிலிப்ஸ், அதில் தன் பெயரையே கண்டார். முறையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர். விசாரித்தபோது அவரைப் போலவே நூற்றுக்கணக்கானோர் இருப்பது தெரிந்தது, தேடத் தேட எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியது. மன்ற உறுப்பினருக்கே இந்தக் கதி என்றால், பட்டியலைப் பார்க்க வழியில்லாத சாதாரண மனிதரின் வாக்கு எங்கே போயிருக்கும்?

குடியரசுக் கட்சி நீதிமன்றம் போனது. மறு எண்ணிக்கை என்றால் எண்ணியதைத் திரும்ப எண்ணுவதுதான், ஒதுக்கியதைச் சேர்ப்பது அல்ல என்றது. கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. டிசம்பர் 22 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தடையை நீக்கியது: ஊழியர் செய்த தவறைத் திருத்தக் கவுண்டிக்கு அதிகாரம் உண்டு. இதே நீதிமன்றம்தான், நிராகரித்த எல்லா வாக்குகளையும் மாநிலம் முழுக்க மறுபடி ஆராயவேண்டும் என்று ஜனநாயகக் கட்சி கேட்டபோது மறுத்தது. ஒரு பக்கம் சாய்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று கவனியுங்கள். அந்த உறைகளைச் சேர்க்கும் முன்பே, கையால் எண்ணியதிலேயே கிரெக்வார் 10 வாக்கு முந்தியிருந்தார். சேர்த்த பிறகு அது 129 ஆனது. கிரெக்வார் 13,73,361, ரோசி 13,73,232, பென்னட் 63,465. டிசம்பர் 30 அன்று சான்று வழங்கியவர், தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலாளர் சாம் ரீட். அவர் குடியரசுக் கட்சிக்காரர். சொந்தக் கட்சியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு சட்டப்படி நடந்தார். இந்தத் தேர்தலில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்தான்.

சட்டக் கல்லூரி மாணவர்: வழக்கு என்ன ஆயிற்று? செல்லாத வாக்குகள் நிறைய இருந்ததாகப் படித்தேன், ஐயா.

இருந்தன. 2005 ஜனவரி 12-இல் கிரெக்வார் பதவியேற்றார். முடிவை எதிர்த்து ரோசி தரப்பு போட்ட வழக்கோ வெனாச்சி என்ற ஆப்பிள் தோட்ட ஊரில், ஷெலான் கவுண்டி நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் முன் நடந்தது. 1,678 வாக்குகள் செல்லாதவை என்று அவரே கண்டறிந்தார். குற்றத் தண்டனையால் வாக்குரிமை இழந்து அதைத் திரும்பப் பெறாதவர்கள், இறந்தவர் பெயரில் வந்தவை, தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ண வேண்டிய தற்காலிக வாக்குகளில் சரிபார்க்காமல் எந்திரத்தில் போட்டவை எல்லாம் சேர்த்து. 129-ஐ விடப் பல மடங்கு!

ஆனால் அவை யாருக்கு விழுந்தவை? ரகசிய வாக்கு, கண்டுபிடிக்க முடியாது. குடியரசுக் கட்சி ஒரு கணக்கு சொன்னது: ஒரு சாவடியில் 60 விழுக்காடு கிரெக்வாருக்கு விழுந்திருந்தால், அங்கே செல்லாத வாக்குகளிலும் 60 விழுக்காட்டை அவரிடமிருந்து கழியுங்கள். நீதிபதி ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தார் வாக்களித்த மாதிரியே இந்த மனிதரும் வாக்களித்திருப்பார் என்பதற்கு என்ன ஆதாரம்? மோசடி நடந்ததற்கும் ஆதாரம் இல்லை என்றார். கிங் கவுண்டி நிர்வாகத்தின் அலட்சியத்தை அவர் மறைக்கவும் இல்லை.

ஐந்து பேருடைய வாக்கு யாருக்குப் போனது என்பதற்கு மட்டும் சாட்சியம் கிடைத்தது. நான்கு ரோசிக்கு, ஒன்று பென்னட்டுக்கு. அவற்றைக் கழித்தார்கள். வழக்குப் போட்டவரின் கணக்கில் நான்கு குறைந்து வித்தியாசம் 133 ஆனது. தீர்ப்பு 2005 ஜூன் 6 அன்று வந்தது. மாநில உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாய்வால் மேல்முறையீட்டில் பயன் இருக்காது என்று சொல்லி ரோசி அன்றே நிறுத்திக்கொண்டார். காரணம் எதுவாயினும், நிறுத்தியது நாட்டுக்கு நல்லது.

மதுரைவாசி (மறுபடியும்): இவ்வளவு குழப்பத்துக்கு மறுதேர்தலே வச்சிருக்கலாமே?

ரோசியும் அதைத்தான் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. மறுதேர்தலில் வாக்களிப்பவர்கள் நவம்பர் 2-இல் வாக்களித்த அதே கூட்டம் அல்ல. அன்று நேரத்துக்கு வந்து வாக்களித்தவரின் தீர்ப்பை, அன்று வராதவர் மாற்றலாம் என்றாகிவிடும். சிரமப்பட்டாவது போட்ட வாக்கைச் சரியாக எண்ணுவதுதான் முறை.

கோவை மாணவி: பிறகு ஏதாவது திருந்தியதா, சார்?

நிறைய. மாநிலம் முழுமைக்கும் ஒரே வாக்காளர் பதிவேடு 2006-இல் வந்தது. பிரைமரி செப்டம்பரிலிருந்து ஆகஸ்டுக்கு முன்னே நகர்ந்தது. கவுண்டிகள் ஒவ்வொன்றாக முழுத் தபால் வாக்குக்கு மாறின, 2011-இல் அதுவே மாநிலச் சட்டம். 2008-இல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். கிரெக்வார் சுமார் 53-க்கு 47 விழுக்காடு என்று வென்றார், யாரும் நீதிமன்றம் போகவில்லை.

சியாட்டிலுக்கு அருகே பெல்வியூவிலிருந்து: அண்ணா, நான் போன வருஷம்தான் குடியுரிமை வாங்கினேன். முதல்முறை ஓட்டுப் போடப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வாழ்த்துகள் தம்பி! தேர்தலுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். வட்டத்தை முழுதாக நிரப்புங்கள். உறையின் பின்புறம் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கியபோது தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழிலேயே போடுங்கள், ஒன்றில் தமிழ் ஒன்றில் ஆங்கிலம் வேண்டாம். கடைசி நாளில் தபாலை நம்பாமல், இரவு 8 மணிக்குள் வாக்குப் பெட்டியில் நேரே போடுங்கள். அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் சீட்டு ஏற்கப்பட்டதா என்று மாநிலத் தேர்தல் இணையதளத்தில் பார்க்கலாம். கையெழுத்துப் பொருந்தவில்லை என்று கவுண்டியிலிருந்து கடிதமோ அழைப்போ வந்தால் அன்றே பதில் கொடுங்கள், முடிவுக்குச் சான்று வழங்குவதற்கு முந்தைய நாள் வரை சரிசெய்ய உங்களுக்கு உரிமை உண்டு.