ரேடியோ மாட்யூலுக்குக் கை வைத்தியம்

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினி போர்டில், கம்பியில்லாமல் தகவல் அனுப்பிப் பெறும் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ மாட்யூல் மாட்டியிருக்கிறேன். ஒயரிங்கை மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் செத்துப் போகிறது, விரலால் தொட்டால் உயிர் வருகிறது. எனக்குப் போலி மாட்யூலைத் தள்ளிவிட்டார்களா?

பதில்: தொட்டால் உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடையே அதில்தான் இருக்கிறது. சும்மா இருக்கும்போது சில மைக்ரோஆம்பியர் மட்டுமே குடிக்கிற இந்த சிப், அனுப்பவோ கேட்கவோ தொடங்கிய நொடியில் பத்துப் பன்னிரண்டு மில்லிஆம்பியருக்குத் தாவும். பற்றவைக்காமல் ஒயர் செருகும் பலகையான பிரெட்போர்டில் நீளநீளமாக ஒயர் ஓடினால் அந்தத் தாவலுக்கு ஈடு கொடுக்க முடியாமல் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கிவிடும், சிப் தடுமாறிவிடும். உங்கள் விரல் அனேகமாகக் குட்டிக் கெப்பாசிட்டராக, அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்துவைத்துத் தேவைப்படும்போது கொடுக்கும் பாகமாக, உதவியிருக்கிறது. விரலுக்குப் பதில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை, முனை மாறாமல், மாட்யூலின் விசிசி (மின்சாரம் நுழையும் கால்), கிரவுண்டு கால்களிலேயே ஒட்டிப் பற்றவையுங்கள். போர்டின் அந்தக் கோடியில் செருகினால் பாதிப் பலன்தான்.

தனி ஆன்டெனா திருகும் பெரிய மாட்யூல் என்றால் கெப்பாசிட்டர் மட்டும் போதாது. அது முழு பவரில் 100 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும், ஊனோவின் 3.3 வோல்ட் பின்னோ 50 மில்லிஆம்பியருக்குத்தான் பொறுப்பு. 5 வோல்ட்டிலிருந்து வோல்டேஜை இறக்கி நிலையாக வைக்கும் ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டரைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். சிக்னல் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்கும், விசிசி 3.6-க்கு மேல் தாங்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நானே இரண்டு மாட்யூலைச் சுட்டிருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்கிறேன். போலிகளும் உண்டுதான், ஆனால் பழியை அவற்றின் மேல் போடுவதற்கு முன் சப்ளையைப் பாருங்கள்.

கேள்வி: தனி ஆன்டெனா திருகும் அந்தப் பெரிய மாட்யூல் என்னிடம் இரண்டு இருக்கின்றன. மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பேசவில்லை, ஒன்றை அடுத்த அறைக்குக் கொண்டுபோனால் பேசுகிறது. இது என்ன மாயம்?

பதில்: காதருகே மைக் வைத்துக் கத்தினால் யாருக்குப் புரியும்? ரிசீவர் திணறிப்போகிறது. சோதிக்கும்போது பவரை மிகக் குறைந்த நிலைக்கு வையுங்கள். தூரம் வேண்டும் என்றால் பவரை ஏற்றுவதற்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள்: 2 எம்பிபிஎஸ்-இல் (நொடிக்கு 20 லட்சம் பிட்) அந்த சிப் மைனஸ் 82 டிபிஎம் வரைதான் கேட்கும் (டிபிஎம் சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மெலிது), 250 கேபிபிஎஸ்-இல் (நொடிக்கு இரண்டரை லட்சம் பிட்) மைனஸ் 94 வரை கேட்கும். அந்த 12 டெசிபல், திறந்தவெளியில் ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம். சென்சார் அளவு அனுப்ப 2 எம்பிபிஎஸ் எதற்கு?

அப்புறம் ஒன்று. வைஃபை தொல்லைக்குத் தப்பிக்க சேனல் 108-க்குப் போ என்று பலர் யோசனை சொல்வார்கள். சேனல் எண்ணோடு 2400-ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் வந்துவிடும், அதாவது 2508. உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பட்டை 2483.5-இலேயே முடிந்துவிடுகிறது. சிப் போகும் என்பதற்காக நாமும் போகலாம் என்று அர்த்தமில்லை.

கேள்வி: 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர், டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் ஏதேதோ குப்பையைக் கொட்டுகிறதே?

பதில்: அதன் பிறவிக் குணம் அப்படி. சிக்னல் இல்லாதபோது காதைத் தீட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் இரைச்சலையே செய்தியாகச் சொல்லும். எனவே ஆர்டுயினோவின் சீரியல் காலில் நேராகக் கோர்க்காமல், செய்தி வருகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கும் பிட்களையும் (ப்ரீஆம்பிள்) பிழைச்சோதனையையும் சேர்த்து அனுப்பும் ஒரு லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். இரண்டு பக்கமும் 17.3 சென்டிமீட்டர் ஒயரை நேராக நிமிர்த்தி ஆன்டெனாவாகப் பற்றவையுங்கள், அலைநீளத்தில் கால் பங்கு அது. பெட்டிக்குள் அடங்கவில்லை என்று ஒயரைச் சுருட்டி மடக்கிவிட்டு, தூரம் போகவில்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை பல கிலோமீட்டர் போகும் என்கிறார்களே, அதில் கேமரா படம் அனுப்பலாமா?

பதில்: தூரம் போவது உண்மைதான், நடுவில் மலையும் கட்டடமும் மறிக்காத வரை. ஆனால் அந்தத் தூரத்துக்கு விலை, வேகம். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (சிக்னலை நேரத்தில் எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு) 12, பட்டை அகலம் 125 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குச் சுமார் 293 பிட். 50 கிலோபைட் படம் ஒன்று போய்ச்சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு பாக்கெட்கூடத் தொலையாமல் இருந்தால். ஃபேக்டரைக் குறைத்தால் வேகம் கூடும், தூரம் குறையும். வெப்பநிலை, தண்ணீர்த் தொட்டி அளவு, கதவு திறந்ததா என்பது போன்ற செய்திகளுக்கு லோரா, படத்துக்கு வைஃபை. சரி, லோராதான் என்று முடிவு செய்துவிட்டால், ஆன்டெனாவைத் திருகாமல் அனுப்பச் சொல்லாதீர்கள், எக்கச்சக்கமாக பவர் திரும்பி வந்து அவுட்புட் பகுதியைக் கெடுத்துவிடக்கூடும். முன்னால் சொன்ன சிப் போல அல்லாமல், எஸ்எக்ஸ்1278 போன்ற லோரா சிப்களில் சிக்னல் கால்களும் 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் ஊனோவோடு சேர்க்க சிக்னலின் வோல்டேஜை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். வாங்கும்போது இரண்டு மாட்யூலும் ஒரே பட்டையா என்று பாருங்கள், 433-க்கு ஒன்றும் 868-க்கு ஒன்றுமாக வாங்கினால் ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழவே விழாது.