அப்பாவின் ஹெரால்டு: முதலில் அடியைப் பாருங்கள்

கேள்வி: 1966-ல் என் அப்பா வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் பதினெட்டு வருடமாக நிற்கிறது. தரை வெறும் மண். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் எடைக்குப் போடச் சொல்கிறார். தெரிந்த பெயிண்டர் ஒருவர், ஒரு மாதத்தில் பட்டி பார்த்து டூகோ பெயிண்ட் அடித்துப் புதுசாக்கித் தருவதாகச் சொல்கிறார். எனக்கு என் கையாலேயே செய்ய ஆசை. சிமென்ட் தரை போட்ட ஷெட் ஒன்று கட்டிவிட்டேன். ஒரு ஸ்பேனர் செட்டும் கிரைண்டரும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: எடைக்குப் போடாதீர்கள். பெயிண்டரிடமும் இப்போது விடாதீர்கள். வீட்டு ஷெட்டில் வைத்து, முன்பின் பழக்கம் இல்லாத ஒருவர் பிரித்துக் கோக்கக்கூடிய பழைய கார் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஹெரால்டைத்தான் சொல்வேன்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஹெரால்டை இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனம் திட்டமிட்ட காலத்தில், மற்ற கார்கள் பலவும் சேசிஸை, அதாவது அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டத்தை, விட்டுவிட்டு ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. டிரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டது. முழுக் கூட்டை அழுத்தித் தர ஆள் இல்லை. அதனால் பழையபடி தனி சேசிஸ் வைத்து, பாடியைப் பல துண்டாகச் செய்து போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. 1959-ல் அங்கே வந்த கார், 1961-ல் நம் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவாகத் தொடங்கியது. அன்று அவர்களுக்கு வந்த நெருக்கடி இன்று உங்களுக்கு வசதி. கதவுக்கு அடியில் இருக்கும் நீளப் பட்டை இற்றுப்போயிருந்தால், ஃபியட்டில் அது வண்டியின் எலும்பே போன மாதிரி. ஹெரால்டில் போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டலாம்.

சரி, முதல் ஞாயிறு. ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல் போதும். காரை ஜாக்கியில் தூக்கி ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல்லின் மேல் ஒருபோதும் நிறுத்தாதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். அப்புறம் அடியில் படுத்து, சேசிஸின் இரண்டு முதுகுத் தண்டுகளையும் அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். இற்றது 'பொத்' என்னும், மண்போலச் செதில் உதிரும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கும். இறங்கிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கக் கைகளின் நுனி, டிக்கியின் தரை, முன் சீட்டுக்காரர் கால் வைக்கும் பள்ளம், பேட்டரி உட்காரும் தட்டு ஆகிய நான்கும் ஹெரால்டில் முதலில் போகிற இடங்கள். பேட்டரித் தட்டில் ஆசிட் கசிந்திருக்கும். அங்கே விரலே உள்ளே போனாலும் பதற வேண்டாம், தகடு வெட்டிப் பற்றவைக்கலாம். முதுகுத் தண்டு இரண்டும் உறுதியாக இருந்தால் கார் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் பாடிக்கு ஒரு காந்தம் எடுத்து, மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் இரும்பு இல்லை, யாரோ எப்போதோ போட்ட பட்டி இருக்கிறது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் முதல் பழைய காரான ஃபியட்டை ஒரு பட்டறையில் விட்டேன். துருவைச் சுரண்டாமல் மேலேயே பட்டி அப்பிக் கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தது. கார்த்திகை மழை முடிவதற்குள் கதவின் கீழ்விளிம்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். நகத்தால் கீறினேன், பெயிண்டும் பட்டியும் ஒரே பத்தையாகக் கையோடு வந்தது. அதன் பின்பக்கம் முழுக்க ஈரமான செம்பொடி. பட்டி ஈரத்தை உறிஞ்சி இரும்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும். உங்கள் பெயிண்டர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் முடியும் வேலை என்றால் துருவை மூடும் வேலைதான். கடைசிப் பூச்சுக்கு அவரையே கூப்பிடுங்கள்.

பிரிக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இந்தக் காரின் நட்டு போல்ட்டுகள் அங்குல அளவு. உங்கள் மில்லிமீட்டர் செட்டில் 13-ஆம் எண் ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் உட்காருவது போலத் தெரியும். ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தம் கொடுத்ததும் வழுக்கித் தலையை உருட்டிவிடும். 7/16, 1/2, 9/16 அளவுகளில் நல்ல ரிங் ஸ்பேனர் வாங்கிவிடுங்கள். துருவிளக்கி எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவையுங்கள். பாடி சேசிஸில் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை ரப்பர், எத்தனை வாஷர் என்று எண்ணி எழுதி, அந்த இடத்தின் பெயர் போட்ட பையிலேயே போட்டு வையுங்கள். கதவின் இடைவெளி நேராக நிற்பது அந்த வாஷர் கணக்கில்தான். கணக்கு தவறினால் பெயிண்டெல்லாம் அடித்து முடித்த பிறகு கதவு சாத்தாது. பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழும் பெரிய துண்டு, அதைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அண்ணனைக் கூப்பிடுங்கள். எடைக்குப் போடச் சொன்னவரும் ஒருமுறை கை வைத்தால் மனம் மாறக்கூடும்.

இனி துரு. நீங்கள் இருப்பது கடலோரம். துருவின் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். சுரண்டிவிட்டு மேலே பூசினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, பூச்சுக்கு அடியிலேயே வேலையைத் தொடரும். கம்பி பிரஷ் ஓட்டியதும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே வெயிலிலோ வெப்பக் காற்றடிக்கும் கருவியிலோ காயவையுங்கள். மிச்சத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினால், அது துருவை இறுகிய கறுப்புப் படலமாக மாற்றும். அது நன்றாகக் காய்ந்ததும் தாமதிக்காமல் மேலே எப்பாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு. நாகையில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டால் விடியும்போது மேலெல்லாம் ஆரஞ்சுப் பூ பூத்திருக்கும். ஒரு நாளில் முடியக்கூடிய அளவு இடத்தை மட்டும் சுரண்டுங்கள்.

கீல், பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா கொஞ்சம். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைத் துருப்பிடித்த சாமானிலும், பாசிட்டிவை ஏதாவது பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் முக்கி வையுங்கள். மறுநாள் துரு கரியாகி, தேங்காய் நாரால் தேய்த்தாலே போய்விடும். பாசிட்டிவில் எவர்சில்வர் மட்டும் வேண்டாம், தண்ணீரில் நச்சுக் குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும் என்பதால் வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி நெருப்புகூடக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள். முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை ஷெட்டுக்குள் விடாதீர்கள்.

பெட்ரோல் டேங்கைப் பற்றவைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காலியாகத் தெரியும் டேங்கில் ஆவி இருக்கும், அது வெடிக்கும். ஓட்டையானால் புது டேங்கே செய்யச் சொல்லுங்கள்.

இன்ஜின் எளிது. 948 சிசி, நான்கு சிலிண்டர். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு இன்ஜின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், ஒட்டிய பிஸ்டன் ரிங் உடையும். சென்னை புதுப்பேட்டையில் சாமான் தேடும்போது ஹெரால்டு என்று மட்டும் கேட்காமல் அதே நிறுவனத்தின் மற்ற கார்களான ஸ்டாண்டர்டு டென், கெசல் என்றும் கேளுங்கள், இன்ஜின் அதே 948 சிசி தான். இன்று பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஓசும் பம்பின் டயாபிரமும் அதில் ஊறிப் பிய்ந்துபோகும், எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். பிரேக் ரப்பர்கள் அத்தனையும் புதிது போடாமல் கார் தெருவில் இறங்கக் கூடாது.

முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியனுக்கு நம் ஊர்ப் பழக்கத்தில் கிரீஸ் அடிப்பார்கள். அதற்கு 90-ஆம் எண் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, அங்கே தண்ணீர் நின்று அரிக்கும், ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடிந்து விழும். டிரனியனுக்குள் மரையில் நிற்கும் தண்டு இரண்டையும் கழற்றிப் பாருங்கள். மரையில் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள், அதுவே இதற்கும் பொருந்தும். செலவில் வேறு எதில் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

கையோடு காகித வேலையும். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து மாற்றுங்கள். காலம் கடந்துவிட்டதால் அபராதம் இருக்கலாம். 50 வருடம் தாண்டிய கார்களை விண்டேஜ் என்று பதிய 2021-ல் விதி வந்திருக்கிறது. ஏற்கெனவே பதிவான கார் 'எம்' எழுத்தில் தொடங்கும் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி கடைத்தெருவுக்கு ஓட்ட முடியாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமும் செய்திருக்கக் கூடாது. ஆகவே வேறு டீசல் இன்ஜினைப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எண் பொறித்த தகட்டை இப்போதே படமெடுத்து, மேலே டேப் ஒட்டி மூடுங்கள். கிரைண்டர் அதன் மேல் பட்டால் அப்புறம் அலுவலகத்துக்கு அலைந்து தீராது.

சீட்டையும் டேஷ்போர்டையும் கடைசியில் பார்க்கலாம். ஸ்டீயரிங்கில் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த பளபளப்பு இருந்தால் அதை உப்புத்தாளால் தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். இப்போதைக்கு அடியில் தட்டிப் பார்த்து, சாக்பீஸ் வட்டங்களின் படங்களை எனக்கு அனுப்புங்கள். எதை வெட்டி எடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.