அத்தையின் பொட்டை யார் அழிப்பது?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். மாமனார் பட்டாளத்துக்காரர். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார். ‘காணவில்லை’ என்று தந்தி வந்ததோடு சரி. உடலும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை. என் கணவர் அப்போது அத்தையின் வயிற்றில் இருந்தார். மறு ஆண்டு கைதிகள் வாகா வழியாகத் திரும்பினார்கள். அவர்களில் மாமா இல்லை.

அத்தை போகாத கோவில் இல்லை, கேட்காத கோடாங்கி இல்லை. இன்றும் பூவும் பொட்டும் தாலியுமாக இருக்கிறார். ஊரில் யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது என் மகளுக்குத் திருமணம். தகப்பனுக்குத் திதி கொடுக்காததால்தான் வரன் தள்ளிப்போனது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே ஆடி அமாவாசையன்று திருப்புவனத்தில் காரியம் செய்துவிட வேண்டும் என்கிறார் என் கணவர். பத்திரிகையில் மாமா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ போடச் சொல்லிவிட்டார். அதைப் பார்த்த அன்றிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. “பென்ஷன் மட்டும் வாங்கத் தெரிகிறதே” என்று என் நாத்தனார் கேட்டது அவரை இன்னும் வதைக்கிறது. இதற்கிடையில், பணம் கொடுத்தால் லாகூரில் விசாரித்துச் சொல்வதாக ஒருவர் போன் செய்கிறார். கொடுக்கலாமா என்கிறார் அத்தை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

*

அன்புள்ள சகோதரிக்கு,

புரியவைக்க வேண்டியது அத்தைக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். உடலைப் பார்க்காத துக்கம் முடிவதில்லை, அது அந்தக் குடும்பத்தாரின் மனக்கோளாறும் இல்லை என்று அவர் விளக்கினார். ‘இருக்கமாட்டார்’, ‘இருந்தாலும் இருப்பார்’ என்ற இரண்டையும் ஒரே மனம் சுமக்கும். அத்தை அப்படிச் சுமந்துகொண்டேதான் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்.

காரியம் செய்த மறுநாள் அவருக்கு என்ன நடக்கும் என்று உங்கள் வீட்டில் யாராவது யோசித்தீர்களா? பேத்தியின் கல்யாணத்தில் இன்று முன்னால் நின்று ஆரத்தி எடுக்கக்கூடியவர் அவர். ஆடி அமாவாசை கழிந்தால் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொல்வார்கள். கணவரையும் இழந்து, சபையில் இருந்த இடத்தையும் இழக்க வேண்டும், அதுவும் மகன் கையால். கணவர் இறந்தது உறுதியான பெண்ணைக்கூட அப்படி ஒதுக்குவது கொடுமைதான். இவருக்கு அந்த உறுதியும் இல்லை.

உங்கள் கணவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அப்பா முகத்தையே பார்க்காத பிள்ளை அவர். அழுவதற்கு ஓர் இடம் தேடுகிறார். ஜோசியர் அதற்கு ஒரு தேதி கொடுத்துவிட்டார். அவர் திருப்புவனம் போகட்டும். தாத்தா, பாட்டி உள்ளிட்ட முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யட்டும். அதில் யாருக்கும் தகராறு இல்லை. பொட்டையும் தாலியையும் பற்றி அத்தை தாமாகச் சொல்லும்வரை ஒருவரும் பேச வேண்டாம். பத்திரிகையில் ‘திரு’வும் வேண்டாம், ‘தெய்வத்திரு’வும் வேண்டாம், ‘ராணுவ வீரர்’ என்று போட்டுப் பெயரை அச்சிடுங்கள்.

நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள். செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால் அவர் இறந்ததாக அனுமானிக்கலாம் என்றது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 108-வது பிரிவு. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அது சட்டத்தின் அனுமானம். பென்ஷன் வாங்குவதால் அத்தை எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அவர் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பணம் அது.

போன் செய்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று நம்பப்படும் வீரர்கள் 54 பேர் என்று நம் அரசு சொல்லி வருகிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. 2007-ல் உறவினர்களே அந்த நாட்டுச் சிறைகளுக்குப் போய்த் தேடினார்கள். ஒருவரும் கிடைக்கவில்லை. ஓர் அரசால் முடியாததை ஒரு தரகர் முடிப்பாரா? செஞ்சிலுவைச் சங்கம் தேடித் தருவதற்குக்கூடக் கட்டணம் கிடையாது. ஆனால் “ஏமாந்துவிடாதீர்கள்” என்று அத்தையிடம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மாமாவின் ராணுவ எண்ணோடு மதுரையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரையே அழைத்துப் போங்கள். அவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதி, கடைசியாக எங்கே, எந்தத் தேதியில் பார்க்கப்பட்டார் என்று பதிவாகியிருக்கிறது எனக் கேளுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. புதிதாக ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் கேட்கிற உரிமை அவருடையது, விண்ணப்பத்தில் கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் சில நாள் பட்டினியே உடம்பைச் சாய்த்துவிடும். பத்திரிகையை மாற்றி அவர் கையில் கொடுத்த பிறகும் சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை என்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவரும் ஒருமுறை பேசினால் நல்லது.